பிரின்செப் தெருவில் 2.8 வோல்ட்: கொல்கத்தாவும் ஒரு ஜம்பரின் வரலாறும்

மத்தியக் கொல்கத்தாவில் பிரின்செப் தெருவுக்கு அருகே இமாம்பாக் சந்து என்றொரு குறுகிய சந்து உண்டு. 1899 ஏப்ரல் 17 அன்று கல்கத்தா மின் வழங்கல் நிறுவனத்தின் முதல் அனல்மின் நிலையம் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. அந்நாளில் வழங்கப்பட்டது நேர்மின்னோட்டம். 1902இல் குதிரைகளை விடுவித்து டிராம் வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறின. விடுதலைக்குப் பின்னரும் நகரின் பழைய பகுதிகளில் நேர்மின்னோட்டத்தில் சுழன்ற மின்விசிறிகள் இருந்தன. வீடு மாறுவோர் முதலில் கேட்டறிய வேண்டியிருந்த செய்தி, அங்கு வருவது எந்த வகை மின்சாரம் என்பதே.

நூறாண்டுகளை நெருங்கிய வேளையில், அதே பிரின்செப் தெருவிலும் கணேஷ் சந்திர அவென்யூவிலும் சாந்தினி சௌக் சந்தையின் உட்சந்துகளிலும் கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்திருந்தன. சென்னையின் ரிச்சி தெருவை அறிந்தவர்க்குச் சாந்தினியை விளக்கத் தேவையில்லை. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் சாலை, பெங்களூருக்கு எஸ்.பி. சாலை எப்படியோ அப்படியே கொல்கத்தாவுக்குச் சாந்தினி. நகருக்கு முதன்முதலாக மின்சாரம் அனுப்பிய இடத்திலிருந்து கூப்பிடு தொலைவில், 1990களின் பிற்பகுதியில் நாள்தோறும் வேறொரு மின்சாரக் கேள்வி எழுந்துகொண்டிருந்தது: இந்தச் செயலிக்கு 2.8 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா? விடை தவறினால், வாங்குபவரின் பல மாதச் சேமிப்பு ஒரு நொடியில் கரியாகலாம். அந்த விடையைத் தீர்மானித்தது ஜம்பர் என்னும், நெல்மணியைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் மூடி.

ஜம்பரின் அமைப்பு மிக எளியது. தாய்ப்பலகையில் இரண்டிரண்டாக நிற்கும் சிறு உலோக முட்களின் மேல் அந்த மூடியைச் செருகினால், உள்ளிருக்கும் உலோகத் துண்டு இரு முட்களையும் இணைக்கும். எந்த இணை மூடப்பட்டிருக்கிறதோ அதற்கேற்ற மின்தடை சுற்றில் சேர, பலகையிலுள்ள மின்னழுத்தச் சீராக்கி தன் வெளியீட்டை மாற்றிக்கொள்ளும். சரியான இணை எது என்பதை அறிந்திருக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் வரலாற்றுக் கேள்வி. அந்தப் பொறுப்பு கைமாறிய கதையைக் கொல்கத்தாவில் காண்பதுபோல் இந்தியாவில் வேறு நகரங்களில் காண்பது அரிது. இந்தியாவின் முதல் கணினிகள் நின்ற நகரம் அது.

பரானகரில் பி.டி. சாலையை ஒட்டிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1931இல் பிரசாந்த சந்திர மகலனோபிஸால் நிறுவப்பட்டது. தேசிய மாதிரி ஆய்வின் எண்களும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்குகளும் அங்கே குவிந்தன. மனிதக் கைகளாலும் மேசைக் கணக்கிகளாலும் அவற்றைச் சமாளிக்க இயலவில்லை. 1953இல் சமரேந்திர குமார் மித்ராவின் வடிவமைப்பில், ஆசிஷ் குமார் மைதியின் கைத்திறனில், பத்து மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு ஒப்புமைக் கணினி அங்கேயே உருவாக்கப்பட்டது. ஒப்புமைக் கணினியில் மின்னழுத்தம் என்பது இயந்திரத்துக்கு ஊட்டப்படும் உணவு மட்டுமன்று; அதுவே எண். ஒரு மாறியின் மதிப்பு ஒரு புள்ளியிலுள்ள வோல்ட்டாகவே நிற்கும். ஆகவே மின்னழுத்தத்தைச் சரிபார்ப்பதும் கணக்கைச் சரிபார்ப்பதும் அங்கே ஒரே செயல்.

அடுத்து 1956இல் பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் நிறுவனத்தின் எச்.இ.சி.-2எம் அங்கே இயங்கத் தொடங்கியது. ஆண்ட்ரூ டொனால்ட் பூத்தின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்த அந்த இயந்திரமே இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் இலக்கமுறைக் கணினி. 1024 சொற்கள் கொள்ளும் காந்த உருளைதான் அதன் நினைவகம். மூன்றாண்டுகளுக்குள் ஐ.நா. தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் வழியாகச் சோவியத் நாட்டின் உரால் வந்து சேர்ந்தது. பாஷிர் ரமேயெவ் வடிவமைத்த அக்கணினி நொடிக்கு ஏறத்தாழ நூறு செயல்களைச் செய்தது. பனிப்போரின் இரு முகாம்களிலிருந்தும் வந்த இயந்திரங்கள் ஒரே வளாகத்தில் நின்றன என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நோயால் வாடும் வால்வு இயந்திரங்கள் என்பது அவ்வளவாக எழுதப்படுவதில்லை.

வால்வுக்குப் பல மின்னழுத்தங்கள் ஒருசேரத் தேவை: இழையைச் சூடாக்கச் சில வோல்ட், நேர்முனைக்கு நூறுகளில், கட்டுப்பாட்டு வலைக்கு எதிர்மறையாக வேறொன்று. வால்வு திடீரெனச் சாவதைவிட மெல்ல மெல்லத் தளர்வதே வழக்கம். தளர்ந்த வால்வு காலையில் சரியான விடையையும் மாலையில் தவறான விடையையும் தரும். இதற்கு மருந்தாக அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினிக் குழுவினர் கையாண்ட முறை புகழ்பெற்றது. பணி தொடங்குமுன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே சற்று ஏற்றியும் இறக்கியும், எந்தப் பகுதி முதலில் தடுமாறுகிறது என்று பார்த்து, அங்குள்ள வால்வைக் கழற்றி மாற்றிவிடுவார்கள். மின்னழுத்தம் இங்கே நோய் கண்டறியும் கருவி. அந்த யுகத்தின் பராமரிப்புப் பொறியாளர்க்கு வோல்ட்மீட்டர் என்பது மருத்துவர்க்கு நாடி போன்றது. இயந்திரத்தின் ஒவ்வொரு மின்னழுத்தமும் என்னவாயிருக்க வேண்டும் என்ற அறிவு, அதைக் காக்கும் சிறு குழுவிடமே இருந்தது. 1966இல் புள்ளியியல் நிறுவனமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 டிரான்சிஸ்டர்க் கணினி. நூற்றுக்கணக்கான வோல்ட்டின் காலம் அதனோடு முடிந்தது. குழுவிடம் அறிவு இருந்த நிலை மாறவில்லை.

(அதே பத்தாண்டில் அதே நகரில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள், கணினி உள்ளே வந்துவிடாதபடி இலாகோ மாளிகைக்கு வெளியே காவல் இருந்தார்கள். கொல்கத்தாவின் கணினி வரலாற்றை ஒற்றை வரியில் சொல்ல முயல்வோர் இந்த இரண்டில் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள்.)

பின்னர் வந்தது ஒரு பொற்காலம். அதன் எண் 5. 1960களின் நடுவில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட 7400 வரிசைச் சில்லுகள் 5 வோல்ட்டை உலகப் பொதுவழக்காக்கின. இன்டெலின் 8080 (1974) இன்னும் மூன்று மின்னழுத்தங்களைக் கேட்டது: +5, +12, −5. அதற்குப் பின்வந்த 8085க்கு ஒன்றே போதும். அதன் பெயரிலுள்ள கடைசி 5 அந்த ஒற்றை 5 வோல்ட்டையே குறிக்கிறது. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக அச்சில்லைப் பாடமாகப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள் என்பது ஐயமே. 8086, 80286, 80386, தொடக்ககால 80486 என எல்லாமே 5 வோல்ட். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், செயலியைப் பொருத்துவோர் எவரும் மின்னழுத்தத்தைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை. மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வரும் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் இருக்கும். அது அப்படியே செயலிக்குப் போகும்.

அந்த அமைதியைக் குலைத்தது வெப்பம். சில்லு உண்ணும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். வேகத்தைக் குறைக்க எவரும் விரும்பாதபோது வோல்ட்டைத்தான் குறைக்க வேண்டும். 5இலிருந்து 3.3க்கு இறங்கினால் மின்திறன் 44 விழுக்காடாகச் சுருங்கும். டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே போனதால் அவற்றின் நுண்ணிய காப்புப் படலமும் 5 வோல்ட்டைத் தாங்காத நிலைக்கு வந்திருந்தது. 1993இல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடிச் சூட்டுக்குப் பெயர்பெற்றது. 1994இல் வந்த அடுத்த பென்டியமும் 486டிஎக்ஸ்4உம் 3.3 வோல்ட் வகையின. சிவப்புக் கம்பியை நேரடியாக நம்பும் காலம் முடிந்து, தாய்ப்பலகையின் மேலேயே 5 வோல்ட்டை இறக்கித் தரும் சீராக்கி குடியேறியது.

அங்கேயும் சிக்கல் முடியவில்லை. எல்லாப் பென்டியமும் ஒரே 3.3 அன்று. சில சற்று உயர்ந்த, 3.5ஐ ஒட்டிய அளவைக் கோரின. எது எந்த வகை என்பதைச் சில்லின் அடிவயிற்றில் அச்சிட்ட குறியீட்டில் சாய்கோட்டுக்குப் பின்வரும் மூன்று எழுத்துகளில் முதலாவது சொல்லும்: ‘எஸ்’ என்றால் இயல்பு அளவு, ‘வி’ என்றால் உயர்ந்த அளவு. செயலியைப் பொருத்திவிட்டால் அந்த எழுத்து மறைந்துவிடும். ஆகவே பொருத்துவதற்கு முன் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது, கைதேர்ந்தவரையும் புதியவரையும் பிரித்துக்காட்டும் செயலாயிற்று.

1997 இக்கதையின் உச்சம். சனவரியில் பென்டியம் எம்.எம்.எக்ஸ். வந்தது. அதன் உள்ளகத்துக்கு 2.8 வோல்ட், வெளித்தொடர்புக்கு 3.3 வோல்ட் என இரு மின்னழுத்தங்கள். ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் கே6 வந்தது: 166, 200 மெகாஹெர்ட்ஸ் வகைகளுக்கு 2.9, 233க்கு மட்டும் 3.2. சைரிக்ஸ் தன் பங்குக்கு 3.3, 3.52, 2.8, 2.9 எனப் பல எண்களை இறக்கிவிட்டது. 1998இல் வந்த கே6-2க்கு 2.2. இவை அனைத்தும் ஒரே ‘சாக்கெட் 7’ குழிக்குள் பிசிறில்லாமல் அமரும் என்பதுதான் கொடுமை. பூட்டு ஒன்று, சாவிகள் பல. எந்தச் சாவியும் நுழையும், ஆனால் தவறான சாவி எரிந்துபோகும். 2.8 கேட்கும் செயலிக்கு 3.3 கொடுத்தால் வெப்பம் ஏறத்தாழ 39 விழுக்காடு கூடும். சில நாளோ சில மாதமோ ஓடிவிட்டுச் சாகும். 2.2 கேட்கும் கே6-2க்கு அதே 3.3 போனால் வெப்பம் இரண்டேகால் மடங்கு. குறைத்துக் கொடுத்தாலும் நிம்மதியில்லை. கணினி எரியாது; ஆனால் நினைத்த நேரத்தில் உறையும். பழி விண்டோஸ் 95 மீதோ ‘வைரஸ்’ மீதோ விழும்.

இன்டெல் இதற்கு ஒரு காப்பு வைத்திருந்தது. எம்.எம்.எக்ஸ். சில்லின் ஒரு முள், இரட்டை மின்னழுத்தம் தேவை என்பதைத் தாய்ப்பலகைக்கு அறிவிக்கும். அந்த முள்ளைக் கவனிக்கும்படி எல்லாத் தைவான் பலகைகளும் வடிவமைக்கப்படவில்லை. கவனித்தவையும் 2.8ஐ 2.9இலிருந்து பிரித்தறியமாட்டா. எஞ்சியது மனிதக் கண்ணும் ஜம்பர் அட்டவணையும்தான்.

அக்காலத்தில் இந்தியாவில் விற்பனையான கணினிகளில் பெரும்பங்கு, பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகள் அல்ல. சந்தைகளில் தனித்தனி உதிரிபாகங்களை வாங்கிக் கோத்த ‘அசெம்பிள்டு’ கணினிகளே. கொல்கத்தாவில் அந்தக் கோப்புவேலை நடந்த இடம் சாந்தினி. அங்கிருந்த இளைஞர்களில் பலர் வானொலி, தொலைக்காட்சி, ஸ்டெபிலைசர் பழுதுபார்ப்பிலிருந்து கணினிக்கு வந்தவர்கள். 1970, 80களின் கடும் மின்வெட்டும் ஏறியிறங்கும் வோல்ட்டேஜும் அந்நகருக்குக் கற்றுத்தந்த பாடம் அவர்கள் கையில் இருந்தது. பெட்டியின் பின்புறத்தில் இருந்த சிறு சிவப்பு நகர்த்தியை அவர்கள் முதலில் பார்த்தார்கள் என்பதும் அதனால்தான். 115, 230 என இரு நிலைகள் கொண்ட அந்த நகர்த்தி 115இல் இருந்துவிட்டால், சொருகிய மறுகணமே மின்வழங்கி வெடித்துவிடும். சுவரின் 230, பெட்டியின் 5, செயலியின் 2.8 ஆகிய மூன்று வாசல்களையும் ஒரே கை திறந்தது. பரானகரில் பயிற்சி பெற்ற குழுவிடம் இருந்த பொறுப்பு, நாற்பது ஆண்டுகளில் பி.டி. சாலை வழியே தெற்கே இறங்கி, பட்டம் பெறாத ஒரு சந்தைத் தொழிலாளியின் விரல் நுனிக்கு வந்திருந்தது.

விரல் நுனி என்பது மிகையன்று. 1990களின் நடுவில் விலை மலிந்த பலகைகளில் இருந்த சீராக்கி நேரியல் வகை. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்தே குறைக்கும். 5இலிருந்து 2.8க்கு இறக்கும்போது வீணாவது 2.2 வோல்ட். எம்.எம்.எக்ஸ். வகைச் செயலி 6 ஆம்பியர் இழுத்தால் 13 வாட்டுக்கு மேல் அச்சிறு உலோகத் தகட்டிலேயே சூடாகும். கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில், குளிரூட்டி இல்லாத கடையில், அத்தகட்டைத் தொட்ட விரல் எத்தனை நொடி தாங்குகிறது என்பதே ஒரு சோதனை முறை. இதை அறிவியல் என்று எந்தப் பாடநூலும் ஏற்காது. ஆனால் எழுத்தில் இடம்பெறாத திறன்களின் வரலாற்றில் இதற்கு இடமுண்டு. பழைய வால்வைத் தட்டிப் பார்த்த கையும் இதுவும் ஒரே மரபு.

இம்மரபுக்கு இருண்ட பக்கமும் உண்டு. குறைந்த வேகச் செயலியின் முகத்தைச் சுரண்டி உயர்ந்த வேகத்தின் எண்ணை அச்சிட்டு விற்கும் மோசடி 1990களில் உலகெங்கும் நடந்தது. அத்தகைய சில்லை அறிவித்த வேகத்தில் நிலையாக ஓட்ட எளிய வழி, ஜம்பரை ஒரு படி உயர்த்தி மின்னழுத்தத்தைக் கூட்டுவது. எனவே பழைய பலகையொன்றில் ஜம்பர் ‘தவறான’ இடத்தில் இருந்தால், அது அறியாமையா, ஏமாற்றா, தளர்ந்த சில்லை இன்னும் ஓராண்டு ஓட்டிவிட வேண்டும் என்ற கருணையா என்பதை அந்த முட்கள் சொல்வதில்லை.

முடிவு சந்தைக்கு வெளியே எழுதப்பட்டது. 1995இன் பென்டியம் புரோவில் நான்கு முட்களும் 1997இன் பென்டியம் IIஇல் ஐந்து முட்களும் ஒரு வேலைக்கென ஒதுக்கப்பட்டன: ‘எனக்கு வேண்டிய மின்னழுத்தம் இது’ என்று சில்லே சீராக்கிக்குச் சொல்லும் வேலை. ஐந்து முட்களின் இருநிலைச் சேர்க்கைகள் 32, 1.3இலிருந்து 3.5 வோல்ட் வரை சொல்ல அவை போதும். சில ஆண்டுகளில் மின்னழுத்த ஜம்பர்கள் பலகைகளிலிருந்து மறைந்தன. ஏறத்தாழ 1994 முதல் 1999 வரை, ஐந்தாறு ஆண்டுகள் மட்டுமே சந்தையின் கையில் இருந்த பொறுப்பைச் சிலிக்கான் திரும்ப எடுத்துக்கொண்டது. தானியங்கி முறை பாதுகாப்பானது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. அதனால் இழந்தது எது என்று கேட்பவர்கள் குறைவு.

அந்த ஐந்தாறு ஆண்டுகளின் பலகைகள் இன்று தங்கப்பூச்சுக்காக உருக்கப்படும் குப்பை. தப்பிப் பிழைத்தவற்றைச் சேகரிப்போரும் பழுதுபார்ப்போரும் அதே கேள்வியோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அதுவும் அன்றைவிடக் கடினமாகிவிட்டது. கையேடு என்பது பெட்டியோடு வந்த மெல்லிய சிற்றேடு. முதலில் தொலைவது அதுதான். கடிகாரத்துக்காகப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்து, அருகிலுள்ள செப்புக் கோடுகளைத் தின்றிருக்கும். வங்கத்தின் ஈரக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மின்தேக்கிகள் வற்றியோ உப்பியோ இருக்கும். மூடிகள் உதிர்ந்த முட்கள் எந்த மின்னழுத்தத்தைக் கேட்கின்றன என்பது பலகைக்குப் பலகை மாறும்: ஒரு வடிவமைப்பில் மிகத் தாழ்ந்தது, இன்னொன்றில் மிக உயர்ந்தது.

எனவே சரிபார்ப்பின் வரிசை தலைகீழாகிறது. செயலியைக் கழற்றி வைத்துவிட்டு, ஜம்பர்களை அட்டவணைப்படி அமைத்து, மின்னூட்டி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியின் உலோகத்திலும் சிவப்பு முனையைச் சீராக்கியின் வெளியீட்டுத் தகட்டிலும் வைத்து முதலில் எண்ணைப் படிக்க வேண்டும். சுமையில்லாதபோது அந்த எண் சற்றுப் பிசகலாம், ஆனால் 2.8 இருக்க வேண்டிய இடத்தில் 5 தெரிந்தால் சீராக்கி உள்ளுக்குள் உருகி வெறும் கம்பியாகிவிட்டது என்று பொருள். அந்நிலையில் எந்த ஜம்பரும் காப்பாற்றாது. எண் ஒழுங்காயிருந்தால் முதலில் விலைகுறைந்த ஒரு செயலியைப் பொருத்தி மீண்டும் அளக்க வேண்டும். அதன் பின்னரே அரியது குழிக்குள் இறங்கலாம். வேர்ல்விண்ட் குழுவின் காலைச் சடங்கு, அரை நூற்றாண்டு கடந்து, ஒற்றை மேசைவிளக்கின் கீழ் திரும்பி வந்திருக்கிறது.

இந்தியக் கணினி வரலாறு என்று எழுதப்படுவன பெரும்பாலும் நிறுவனங்களின், அமைச்சகங்களின், 1984ஆம் ஆண்டுக் கணினிக் கொள்கையின் வரலாறாகவே அமைகின்றன. எச்.இ.சி.-2எம் பற்றி நினைவுக்கட்டுரைகள் உள்ளன. அதை இயக்கியவர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. சாந்தினியில் கோக்கப்பட்ட கணினிகளுக்கு வரிசை எண் கிடையாது, கோத்தவரின் பெயர் கிடையாது. வங்கத்தின் எண்ணற்ற பள்ளிகளுக்கும் அச்சகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் முதல் கணினி அங்கிருந்துதான் சென்றது. அவற்றை ஆவணமாக்க விரும்புவோர்க்குப் பலகையே ஏடு: எந்தச் செயலி, எந்த முட்களில் மூடி, எந்த மின்தேக்கி பிற்காலத்தில் மாற்றிப் பற்றவைக்கப்பட்டது என்று அதில் படிக்கலாம். ஜம்பர்களை நகர்த்துவதற்கு முன் அவை இருந்த நிலையைப் படமெடுத்து வைப்பது, அகழாய்வில் ஓட்டுத்துண்டை எடுக்குமுன் அது கிடந்த அடுக்கைக் குறிப்பதற்கு ஒப்பானது.

சில பலகைகளில் தயாரிப்பாளர் கையேட்டை நம்பாமல் மின்னழுத்த அட்டவணையைச் செயலிக் குழிக்கு அருகே வெள்ளை மையில் அச்சிட்டிருப்பார். ஊசிமுனை அளவு எழுத்துகள்: 2.8, 2.9, 3.2, 3.3. தூசியைப் போக்கக் கரைப்பானில் தோய்த்த தூரிகையை அழுத்தித் தேய்த்தால் முதலில் அழிவது அவைதான்.